விட்டுப் பிடிக்கும் கை: நிலையற்ற அமைப்புகளை மனிதர் கட்டுப்படுத்துவது எப்படி?

கோவையை அடுத்த சூலூர் விமானப் படைத் தளத்தில் 2018 முதல் நிலைகொண்டுள்ள தேஜஸ் போர் விமானத்தைப் பற்றிய செய்திகளில், அது வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்ட விமானம் என்ற குறிப்பு அடிக்கடி இடம்பெறுகிறது. படிப்பவருக்கு உடனே இரண்டு ஐயங்கள் எழும். தானாக நேராகப் பறக்க மாட்டாத ஒன்றை ஏன் கட்ட வேண்டும்? கட்டியபின் அதை விமானி எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்? இரண்டாவது கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், போர் விமானிகளின் கை மின்னல் வேகத்தில் இயங்கும் என்பதாகும். அந்தப் பதில் தவறானது. மனிதக் கையின் எதிர்வினை வேகம் ஓர் எல்லைக்கு மேல் கூடுவதில்லை. அந்த எல்லைக்கு அருகில் வேலை செய்யும்போது விரைவாகவும் பலமாகவும் கையை அசைத்ததே விமானத்தைத் தரையில் மோதவைத்த நிகழ்வுகளும் உண்டு.

விமானத்தைப் புரிந்துகொள்ள, உள்ளங்கையில் நிற்கும் ஒரு கம்பிலிருந்து தொடங்குவது எளிது.

## நிலையற்றது என்றால் என்ன?

ஒரு கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டு விரலால் தட்டினால், அது இப்படியும் அப்படியும் ஓடிக் கடைசியில் அடியில் வந்து நிற்கும். இது நிலையான அமைப்பு. அதே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் உச்சியில் குண்டை வைத்தால், எந்தப் பக்கம் மயிரிழை விலகினாலும் அந்தப் பக்கமே உருண்டு போய்விடும். இது நிலையற்ற அமைப்பு. உச்சியில் குண்டு நிற்கவே முடியாது என்பதில்லை. யாராவது இடைவிடாமல் கவனித்துத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

விலகல் எப்படி வளர்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். கம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் எடையே அதை மேலும் சாய்க்கிறது. ஆகவே விலகல் வட்டிக்கு வட்டி போலப் பெருகுகிறது. கந்து வட்டியில் அசல் எத்தனை நாளில் இரட்டிக்கும் என்று கணக்குப் போடுவதுபோல, ஒவ்வொரு நிலையற்ற அமைப்புக்கும் அதன் விலகல் இரட்டிக்கும் நேரம் என்று ஒன்றைக் கணக்கிடலாம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு எண்ணையே சுற்றி வருகிறது.

சீரான ஒரு கம்புக்கு இந்த நேரம் அதன் நீளத்தை மட்டுமே பொறுத்தது. எடை ஒரு பொருட்டல்ல. ஒரு மீட்டர் கம்பு சரியத் தொடங்கினால் அதன் சாய்வு ஏறத்தாழ 0.18 வினாடிக்கு ஒருமுறை இரட்டிக்கும். பரணைத் துடைக்கும் மூன்று மீட்டர் ஒட்டடைக் கம்புக்கு அது 0.31 வினாடி. 15 செ.மீ. பென்சிலுக்கு 0.07 வினாடி. ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பென்சிலை அப்படி நிறுத்தியவர் எவரும் இல்லை.

## உடலுக்குள் இருக்கும் தாமதம்

கம்பு சாய்வதைக் கண் பார்க்கிறது. விழித்திரை அதை நரம்புத் துடிப்பாக மாற்றுகிறது. அது மூளையின் பின்பகுதிக்குச் செல்கிறது. அங்கிருந்து இயக்கப் பகுதிக்கு வந்து, தண்டுவடம் வழியாக இறங்கி, தசையைச் சுருக்குகிறது. தசையில் விசை திரள்வதற்கும் சிறிது நேரம் பிடிக்கிறது. இந்தப் பயணம் முழுவதற்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறத்தாழ கால் வினாடி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக ஆகிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒருவர் 30 செ.மீ. அடிக்கோலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட, இன்னொருவர் சுழி எழுதிய கீழ்முனைக்கு இருபுறமும் தொடாமல் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி விட்டதும், விரல்கள் மூடிய இடம் 20 செ.மீ. குறியை ஒட்டி இருந்தால் தாமதம் 0.2 வினாடி, 15 செ.மீ. என்றால் 0.175 வினாடி. நாலைந்து முறை செய்து பார்த்தால் சில சென்டிமீட்டர் குறையும். எத்தனை நாள் பழகினாலும் பாதியாகக் குறையாது.

இரண்டு விவரங்களை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1. எல்லாப் புலன்களுக்கும் ஒரே தாமதம் இல்லை. பிடித்திருக்கும் பொருள் திடீரென இழுக்கும்போது கைத்தசை காட்டும் எதிர்வினை 0.1 வினாடிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஓடும் வண்டியின் நடுக்கத்தைக் கைப்பிடியிலும் இருக்கையிலும் உணர்ந்து ஓட்டுபவர், கண்ணால் மட்டும் பார்த்து ஓட்டுபவரைவிட முன்னதாகவே அறிந்துகொள்கிறார். தொலைவிலிருந்து திரையைப் பார்த்து ஒன்றை இயக்குவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஒரு திருத்தத்தைத் தொடங்கியபின் அடுத்ததை உடனே தொடங்க முடியாது. பிரிட்டிஷ் உளவியலாளர் கென்னத் கிரெய்க், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆய்வுகளிலிருந்து, மனிதர் தொடர்ச்சியாகத் திருத்துவதில்லை, ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறை விட்டு விட்டுத் திருத்துகிறார் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய கட்டுரைகள் அவர் இறந்தபின் 1947, 1948ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

## இரண்டு நேரங்களின் விகிதம்

தாமதமும் இரட்டிக்கும் நேரமும் சந்திக்கும் இடத்தில்தான் வெற்றியும் தோல்வியும் தீர்மானமாகின்றன. 0.2 வினாடித் தாமதம் உள்ள ஒருவர், தம் திருத்தம் கைக்கு வந்து சேரும்போது கம்பு எங்கே இருக்கும் என்று பார்ப்போம். மூன்று மீட்டர் கம்பின் சாய்வு அதற்குள் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். ஒரு மீட்டர் கம்புக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பென்சிலுக்கு ஏழு மடங்கு. ஒன்றரை மடங்குப் பிழையை ஊகித்துச் சரிசெய்துவிடலாம். ஏழு மடங்காகப் பெருகப்போகும் பிழையை முன்கூட்டியே ஊகிப்பதற்குக் கண்ணுக்கே புலப்படாத சாய்வைக் காண வேண்டியிருக்கும்.

உள்ளங்கையில் ஒருவர் நிறுத்தக்கூடிய மிகக் குட்டையான கம்பு, இந்தத் தாமதங்களை வைத்துக் கணக்கிட்டால், 30 முதல் 40 செ.மீ. வரை வருகிறது. நல்ல பயிற்சி உள்ளவர்கள் செய்து காட்டுவதும் அதற்கு அருகில்தான் நிற்கிறது.

இந்த எல்லையை நேரடியாக அளக்க 1960களில் அமெரிக்காவில் ஒரு சோதனை உருவாக்கப்பட்டது. திரையில் உள்ள குறியொன்று நடுவிலிருந்து தானாக விலகி ஓடும். அமர்ந்திருப்பவர் ஒரு கோலை அசைத்து அதை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். இயந்திரம் அந்த நிலையின்மையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், குறி கையை மீறி ஓடிவிடும். எல்லா மனிதருக்கும் அந்தக் கட்டம் குறுகிய வரம்புக்குள் வருகிறது என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன செய்தி. சோர்வும் மதுவும் அதை இன்னும் கீழே இறக்குகின்றன என்பதால், குடித்தவர் வண்டியை எடுக்க முடியாதபடி தடுக்கும் கருவியாக இதைப் பயன்படுத்தலாமா என்றும் பின்னர் ஆராயப்பட்டது.

## கை வேகமாகாது. பிறகு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

1. விழுவதை மெதுவாக்குகிறார்கள். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் குறுக்காகப் பிடித்திருக்கும் நீண்ட மூங்கிலைப் பலரும் எடைச் சமநிலைக்கானது என்று மட்டும் நினைக்கிறார்கள். அதன் முதல் பயன் வேறு. எடை நடுவிலிருந்து வெகுதூரம் பரவி இருப்பதால் உடலும் மூங்கிலும் சேர்ந்த அமைப்பு கயிற்றைச் சுற்றிச் சரிவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. கால் வினாடித் தாமதம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் நேரும் சரிவு குறைந்துவிடுகிறது. மூங்கிலை ஒரு பக்கம் சாய்த்து உடலை மறுபக்கம் திருப்புவது அடுத்து வருகிறது.

இதற்கு நம் ஊர்ச் சாலைகளில் இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய இரண்டு சக்கர டிரெய்லர், முன்னோக்கி இழுக்கும்போது நிலையானது. பின்னோக்கித் தள்ளும்போது நிலையற்றது. கொக்கியில் சிறிது கோணம் விழுந்தாலும், பின்னால் போகப் போக அது பெருகி, டிரெய்லர் டிராக்டரோடு மடங்கிக்கொள்ளும். ஆனால் இந்தப் பெருக்கம் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. சக்கரம் உருண்ட தூரத்தைப் பார்த்து நடக்கிறது. கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் மூன்று மீட்டர் இருந்தால், ஏறத்தாழ ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் கோணம் இரட்டிக்கிறது. வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் பின்னெடுத்தால் இரட்டிக்கும் நேரம் முக்கால் வினாடிகூட இல்லை. அரை மீட்டர் வேகத்தில் எடுத்தால் நான்கு வினாடிக்கு மேல் கிடைக்கிறது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைக் குறுகிய களத்துக்குள் கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து பின்னெடுக்கும் ஓட்டுநர், தமக்குத் தேவையான நேரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். வேகத்தைக் குறைப்பதை அச்சத்தின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

2. இடத்தைவிட வேகத்தைப் படிக்கிறார்கள். கம்பை நிறுத்துபவர் அதன் நுனியைப் பார்க்கிறார். அடியைப் பார்த்துக்கொண்டு நிறுத்த முயன்றால் சில வினாடிகளில் கீழே விழும். நுனியில்தான் அசைவு பெரிதாகத் தெரிகிறது. கம்பு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதோடு, எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதும் அங்கிருந்தே கிடைக்கிறது. வேகம் தெரிந்தால் கால் வினாடிக்குப் பின் இருக்கப்போகும் நிலையை ஊகிக்கலாம். அந்த ஊகத்துக்குத்தான் கை பதில் சொல்கிறது, கண் காணும் நிலைக்கு அல்ல.

3. தாம் செய்ததை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கடந்த கால் வினாடியில் கொடுத்த திருத்தங்களின் பலன் இன்னும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பழகிய கை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது; பழகாத கை பலன் தெரியவில்லை என்று மறுபடியும் திருத்துகிறது. மிதிவண்டி கற்கும் குழந்தையின் கைப்பிடி இப்படியும் அப்படியும் வெட்டுவது இதனால்தான்.

4. சிறிதாகத் தொட்டு, காத்திருக்கிறார்கள். தலைகீழ் ஊசலைப் போல, அதாவது உள்ளங்கையில் நிற்கும் கம்பைப் போல, நடந்துகொள்ளும் ஓர் அமைப்பைக் கோலால் கட்டுப்படுத்தச் சொல்லி, பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கோலை இறுக்கிப் பிடித்துத் தொடர்ச்சியாகத் திருத்துவதும், விரலால் மெல்லத் தட்டித் தட்டி விடுவதும் ஒப்பிடப்பட்டன. வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு தட்டல்கள் என்ற முறை, இறுக்கிப் பிடிப்பதற்குக் குறைவில்லாமல், அமைப்பு மாறும்போது அதைவிடத் திடமாகவும் வேலை செய்தது. கிரெய்க் சொன்ன அரை வினாடியோடு இது பொருந்துவது கவனிக்கத் தக்கது. தட்டலுக்கும் தட்டலுக்கும் இடையிலான இடைவெளியில்தான் முந்தைய தட்டலின் பலன் கலப்படமின்றித் தெரிகிறது.

விட்டுப் பிடிப்பது என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

## இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்?

விமானத்தின் மூக்கு சற்று மேலே எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானி தம் கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுகிறார். அவருடைய தாமதம் 0.2 வினாடி, இயந்திரத்தின் கணினியும் இறக்கைப் பரப்புகளை நகர்த்தும் பொறிகளும் இன்னொரு 0.2 வினாடி எடுத்துக்கொள்கின்றன. தள்ளியதன் பலன் வந்து சேரும்போது மூக்கு ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அது இறக்கத்தை இன்னும் விரைவாக்குகிறது. விமானி இப்போது பலமாக இழுக்கிறார். அதுவும் தாமதமாக வந்து ஏற்றத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு எப்படிப் பெருகுமோ, அப்படியே இதுவும் பெருகுகிறது. விமானி தூண்டும் ஊசலாட்டம் என்று இதற்குப் பெயர். பெயர் விமானியின் மேல் பழியைப் போடுவதுபோல் இருப்பது சரியல்ல. மனிதரும் இயந்திரமும் சேர்ந்த வளையத்தின் குறை அது. இயல்பில் நிலையான விமானத்தில்கூட இது நேரலாம்.

1974 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில், எஃப்-16 விமானத்தின் முதல் மாதிரி ஓடுபாதையில் ஓடிப் பார்க்க மட்டுமே வெளியே வந்தது. அதன் கோல் அசையாத வகை. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கு அது மிகக் கூர்மையாக அமைக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த விமானம் இடமும் வலமுமாக ஆடி, வால் பரப்பு தரையில் உரசியது. சோதனை விமானி ஃபில் ஓஸ்ட்ரிச்சர் தரையோடு போராடுவதை விட்டு, அதை மேலே எழுப்பிவிட்டார். சில நிமிடங்கள் பறந்து பத்திரமாக இறக்கினார். அந்த விமானத்தின் முதல் பறப்பு, திட்டமிட்ட நாளுக்கு முன்பே இப்படி நடந்தது.

1977 அக்டோபர் 26 அன்று அதே தளத்தில், விண்ணோடத்தின் சோதனை வடிவமான என்டர்பிரைஸ் தன் ஐந்தாவது தனிப் பறப்பில் முதன்முறையாகச் சிமெண்ட் ஓடுபாதையில் இறங்கியது. ஃப்ரெட் ஹெய்ஸ் ஓட்டினார். தரை நெருங்கியபோது ஊசலாட்டம் தொடங்கி, ஓடம் தரையைத் தொட்டு எகிறியது. கோலைத் தளர்த்தியதும் தணிந்தது. விமானியின் இருக்கை அந்த ஓடம் சுழலும் மையத்துக்கு அருகில் அமைந்திருந்ததால், கோலை இழுத்ததன் விளைவு அவர் உடலில் உடனே உறைக்கவில்லை. கணினித் தாமதத்தோடு இந்தப் புலன் தாமதமும் சேர்ந்துகொண்டது. பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, அழகானது: கோல் விரைவாக அசைந்தால், கணினி அந்த அசைவின் வலிமையைத் தானே குறைத்துவிடும் ஒரு வடிகட்டி. கை இறுகும்போது இயந்திரம் தளர்ந்துகொடுக்கும்.

சுவீடனின் கிரிபென் போர் விமானம் 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போதும், 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகர விழாவில் பெருங்கூட்டத்தின் முன்னிலையிலும் விபத்துக்குள்ளானது. இரண்டாம் விபத்தில் விமானி வெளியே குதித்துவிட, விமானம் ஒரு தீவின் மரங்களிடையே விழுந்து, உயிரிழப்பு எதுவுமின்றி முடிந்தது. பெரிய, விரைவான கோல் அசைவுகளுக்கு ஈடுகொடுத்து இறக்கைப் பரப்புகள் நகர முடியவில்லை. அவை தம் உச்ச வேகத்தை எட்டியபின் கட்டளைக்கும் செயலுக்கும் இடையே தாமதம் கூடியது. கணினி எத்தனை விரைவாக முடிவெடுத்தாலும், பரப்பை நகர்த்தும் பொறிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த விபத்து வெளிச்சமாக்கியது.

## அப்படியானால் தேஜஸ்?

நிலையற்ற விமானத்தைக் கையாலேயே ஓட்டியவர்களும் உண்டு. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானம் மேல்-கீழ் அசைவில் நிலையற்றது. அதன் விலகல் இரட்டிக்க ஏறத்தாழ அரை வினாடிதான் ஆகும். முதல் பறப்பு 12 வினாடி, 120 அடி. அதுவும் மேலும் கீழுமாக அலைபாய்ந்த பறப்பு. அன்றைய நான்காம் பறப்பு 59 வினாடி நீடித்து, மூக்கு திடீரெனக் கீழே பாய்ந்ததில் முடிந்தது. 1904இல் அடுத்த விமானத்தின் முன்பகுதியில் இரும்புப் பாரம் கட்டிய பிறகுதான் அது சற்று அடங்கியது. மிதிவண்டி செய்பவர்களாக இருந்த அவர்கள், ஓட்டுபவரே இடைவிடாமல் சமநிலையைக் காக்க வேண்டும் என்பதை இயல்பானதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இன்றைய போர் விமானங்களில் நிலையின்மையை வேண்டுமென்றே வைப்பதற்குக் காரணம், நிலையான விமானம் திரும்ப மறுக்கும் என்பதே. தன் நிலைக்கே திரும்பிவர முயலும் ஒன்றைத் திருப்புவதற்கு அதோடு போராட வேண்டும். தவிர, வழக்கமான அமைப்பில் மூக்கு கவிழாதிருக்க வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டியிருப்பதால், இறக்கை தரும் தூக்குவிசையில் ஒரு பகுதி வீணாகிறது.

முன்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளோடு 1984இல் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-29 இதன் உச்சம். அதன் விலகல் இரட்டிக்கும் நேரம் 0.15 வினாடி அளவில் இருந்தது; மனிதத் தாமதத்தைவிடக் குறைவு. கணினிகள் வினாடிக்கு 40 முறை திருத்தங்களைச் செய்தன. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் முதன்முதலாகப் பறக்கவைத்த தேஜஸும் இதே கொள்கையில் அமைந்தது. விமானியின் கட்டளையைக் கணினி வழியே மின்குறிப்பாக அனுப்பும் அதன் மின்வழிக் கட்டுப்பாடு நான்கு இணைத் தடங்களைக் கொண்டது. ஒன்று பழுதானாலும் மற்றவை தொடரும். 1998 அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா ஒத்துழைப்பை நிறுத்திய நிலையிலும் பெங்களூர்க் குழுவினர், கணினி எப்போது எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதி முடித்ததைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும்.

ஆகவே தேஜஸ் விமானி விமானத்தை நிலைநிறுத்துவதில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று அவர் கேட்கிறார். விழாமல் வைத்திருக்கும் வேலையைக் கணினி செய்கிறது. அந்தக் கணினிகள் அனைத்தும் நின்றுபோனால் விமானியின் திறமையால் அதை மீட்க முடியாது. நான்கு தடங்கள் இருப்பது அதற்காகத்தான்.

## கைக்கும் கணினிக்கும் அப்பால்

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், உலகின் முதல் அணு உலை கையால் கட்டுப்படுத்தப்பட்டது. இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி சொல்லச் சொல்ல, ஜார்ஜ் வெய்ல், நியூட்ரான்களை உறிஞ்சி உலையை அடக்கிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்தார். ஓர் அணுவின் பிளவு அடுத்த அணுவைப் பிளக்கும் தொடர்வினை தானாக வளரத் தொடங்கியபோது அதன் வலிமை ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. அணுப் பிளவிலிருந்து வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறு ஏழு மட்டும், பிளவின் துண்டுகளிலிருந்து ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் முதல் நிமிட அளவு வரை தாமதித்து வெளிவருகின்றன. அந்தச் சிறு பங்கை எதிர்பார்த்தே தொடர்வினை வளரும்படி உலையை வைத்திருந்தால், வளர்ச்சி மனித நேரத்துக்கு இறங்கி வருகிறது. கழைக்கூத்தாடிக்கு மூங்கில் செய்வதை உலைக்கு இந்தத் தாமத நியூட்ரான்கள் செய்கின்றன.

அந்தப் பங்கின் உதவி தேவைப்படாத அளவுக்குத் தண்டை இழுத்துவிட்டால்? 1961 ஜனவரி 3 இரவு, அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த எஸ்எல்-1 என்ற சிறிய ராணுவ உலையில் அதுதான் நேர்ந்தது. விடுமுறைக்குப் பின் உலையை மறுபடி தயார்செய்யும் பணியில், நடுத் தண்டைக் கையால் நான்கு அங்குலம் அளவில் உயர்த்தினால் போதுமானதாக இருந்தது. அது ஏறத்தாழ 20 அங்குலம் உயர்ந்தது. நான்கு மில்லிவினாடிகளுக்குள் உலையின் திறன் 20,000 மெகாவாட் அளவை எட்டியது. அது 3 மெகாவாட்டுக்கு வடிவமைக்கப்பட்ட உலை. அங்கிருந்த மூன்று பேரும் உயிரிழந்தார்கள். நான்கு மில்லிவினாடி என்பது கண்ணில் பட்ட ஒளி மூளையை எட்டுவதற்குள்ளேயே பலமுறை கடந்துவிடும் நேரம். அங்கே பயிற்சிக்கும் நிதானத்துக்கும் இடமே இருக்கவில்லை.

அந்த விபத்துக்குப் பின் உலைகளை வடிவமைப்பதில் ஒரு விதி உறுதியாக நிலைபெற்றது: எந்த ஒரு கட்டுப்பாட்டுத் தண்டை மட்டும் முழுவதுமாக வெளியே எடுத்தாலும், மற்றவை உள்ளே இருக்கும்வரை உலை தானாக இயங்கத் தொடங்கக் கூடாது.